பத்தாவது முடித்த பையனை ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் போடலாமா?

அரியலூர்_கடைக்காரர்:
பையன் பத்தாவதில் 456. ஆறாவதிலிருந்து இங்கே அரசுப் பள்ளிதான். நானும் வீட்டுக்காரியும் கடையை அடைத்துவிட்டு வர ராத்திரி பத்தாகிவிடும், அதுவரை அவன் போனும் கையுமாக இருக்கிறான். மச்சான் பையன் 2012-ல் அந்தப் பக்கம் ஹாஸ்டலில் படித்துக் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் வாங்கினான், அதனால் அங்கேயே சேர்க்கச் சொல்கிறார்கள். இப்போதும் அந்தப் பள்ளிகள் அப்படித்தானா?

பழைய_பேட்ச்:
நான் 2011-13 நாமக்கல்லில். விடிகாலை நாலரைக்கு விசில், பக்கெட்டோடு குளிக்க வரிசை, ஐந்துக்கு ஸ்டடி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு போன், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பிளஸ் ஒன் புத்தகத்துக்கு அட்டை போட்டதோடு சரி, பன்னிரண்டாவது பாடத்தையே இரண்டு வருடம் அரைத்தோம். மார்க்குக்காகக் கோழிப்பண்ணை மாதிரி அடைத்து வளர்க்கும் பிராய்லர் பள்ளி என்று சும்மாவா சொன்னார்கள்? அப்போதைய 1200 மார்க்கில் 1100-க்கு மேல் வாங்கியும் கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்கு புரியாமல் முழித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அப்போது பாதி நாள் கரண்ட் இருக்காது, ஹாஸ்டலில் ஜெனரேட்டர் ஓடும். சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லாத பசங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கும் வாத்தியார் கிடைப்பார். என் ரூமில் இருந்த பாதிப் பேர் அதனால்தான் கரையேறினார்கள்.

சாக்பீஸ்:
அப்படி ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்தவன். உங்கள் மச்சான் சொல்வது வேறு காலம் சார். 2007-ல் மாநில நுழைவுத் தேர்வை எடுத்ததும் டாக்டர், இன்ஜினீயர் இரண்டுக்கும் பிளஸ் டூ மார்க்கே போதும் என்றாகி, இந்தப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்தன. 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பு போனது, நீட் வந்தது, அடுத்த மார்ச்சில் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மனப்பாடம் மட்டும் செய்ய வைத்தவர்கள் ஆடிப்போனார்கள். இப்போது காலையில் பள்ளி, மாலையில் நீட் கோச்சிங், ஃபீஸும் அதற்கேற்ற மாதிரி. ஞாயிறு என்றால் மாதிரித் தேர்வு. பழைய அடி உதை குறைந்திருக்கிறது, பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள் என்பது நல்ல மாற்றம். ஆனால் 2025-26-லிருந்து பதினொன்றாவது பொதுத்தேர்வு மறுபடி இல்லை என்று ஆகிவிட்டதே, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகாமல் இருந்தால் சரி.

செந்துறை_அக்கா:
தம்பி, யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லையே! ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லிருந்து, இன்ஜினீயரிங் மாதிரிப் படிப்புகளுக்கு அடுத்த வருடத்திலிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரி ஃபீஸை அரசே கட்டும். ஐந்து வருடம் படித்துவிட்டு கடைசி இரண்டு வருடத்துக்காக அதை யாராவது விடுவார்களா?

அரியலூர்_கடைக்காரர்:
அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. பையன் இன்ஜினீயரிங் என்றுதான் சொல்கிறான். அப்போ போன் பிரச்சினைக்கு என்னதான் செய்வது?

செந்துறை_அக்கா:
ஸ்கூல் விட்டதும் நேரே கடைக்கு வரச் சொல்லுங்கள், பின்னால் ஒரு மேஜை போடுங்கள். போன் உங்கள் கல்லாவில் இருக்கட்டும்.

சாக்பீஸ்:
இன்ஜினீயரிங் என்றால் அக்கா சொல்வதுதான் சரி. கவுன்சலிங் கட்-ஆஃபுக்குப் பன்னிரண்டாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க் மட்டும்தான், கோச்சிங் ஃபீஸ் தண்டம். அதையும் மீறி ஹாஸ்டல்தான் என்றால், சேர்க்கும் முன் அங்கே பதினொன்றாவது முடித்த ஒரு பையனின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். அதில் பன்னிரண்டாவது பாடம் இருந்தால் அட்வான்ஸ் கட்டாமல் பஸ் ஏறிவிடுங்கள்.