மறுமொழி: டாக்டர் ஹூ 'ரீஜெனரேஷன்' – மெய்மாற்றம் எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டாக்டர் ஹூ என்ற தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தை (சீசன், 1966–67) பற்றி எழுதிவரும் கட்டுரைக்காக, அதன் நாயகர் ஆள் மாறாமல் உடம்பு மட்டும் வேறாக மாறும் 'ரீஜெனரேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். மீளுருவாக்கம், இழப்பு மீட்டல், மறுபிறவி, கூடுவிட்டுக் கூடு பாய்தல், உருமாற்றம், காயகற்பம் என ஆறு சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கட்டுரையின் வாக்கியங்களிலேயே போட்டுப் படித்துப் பார்த்தேன். என் மனம் 'மெய்மாற்றம்' என்ற ஏழாவது சொல்லில் போய் நிற்கிறது. காரணங்களைச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அந்தக் காட்சி. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது இந்தத் தொடர். டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர் டார்டிஸ் என்ற கலத்தில் காலத்தைக் கடந்து பயணம் செய்கிறார். முதல் மூன்று ஆண்டுகள் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். அவருடைய உடல்நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. அவரைப் போலவே தோற்றமுள்ள இன்னொரு கிழவரைத் தேடிப்பிடித்து, வெள்ளை முடி வைத்துச் சமாளித்திருக்கலாம். தயாரிப்பாளர் இன்னஸ் லாயிட்டின் குழு அப்படிச் செய்யாமல், நடிகர் மாறுவதைக் கதையின் நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டது. 1966 அக்டோபர் 29 அன்று 'தி டென்த் பிளானெட்' கதையின் நான்காம் பகுதி முடிகையில் கிழவர் டார்டிஸின் தரையில் சாய்கிறார். முகத்தை வெளிச்சம் மூடுகிறது. வெளிச்சம் அடங்கும்போது அங்கே கிடப்பவர் பேட்ரிக் டிரௌட்டன். வேறு முகம், வேறு வயது. அடுத்த வாரம் பேசத் தொடங்கியதும் குணமும் வேறு என்று தெரிகிறது. ஆனால் ஆள் அதே ஆள், நினைவும் அதே நினைவு.

இந்தக் காட்சி வந்தபோது ஆங்கிலத்திலேயே இதற்குப் பெயர் கிடையாது. சாய்வதற்குச் சற்று முன்னால், உடன் பயணிக்கும் பாலியிடம், தன் பழைய உடம்பு நைந்துபோகிறதோ என்னவோ என்று ஹார்ட்னல் சொல்கிறார். அடுத்த கதையான 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்'-இல் டிரௌட்டன், தான் புதுப்பிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். 1969-இல் 'தி வார் கேம்ஸ்' கதையில் டாக்டரின் இனத்தார் அவர்மேல் ஒரு தோற்றமாற்றத்தைத் தண்டனையாகவே சுமத்துகிறார்கள். இன்று எல்லோரும் புழங்கும் 'ரீஜெனரேஷன்' 1974-இல் 'பிளானெட் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்' கதையில்தான் முதலில் வருகிறது. அதாவது நிகழ்ச்சி முந்தியது, பெயர் எட்டு ஆண்டு பிந்தியது. அதனால் அந்த ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து 'மீள்' என்றும் 'உருவாக்கம்' என்றும் ஒட்டவைக்கும் கட்டாயம் நமக்கு இல்லை. நாமும் காட்சியைப் பார்த்தே பெயர் வைக்கலாம்.

'மீளுருவாக்கம்' என்ற சொல்லுக்குத்தான் அதிக ஆதரவு இருக்கிறது. தெரிந்த சொல், பயன்பாட்டில் உள்ள சொல், சரி. ஆனால் இந்தப் பருவத்தைப் பற்றி எழுதும் யாருக்கும் அது பெரிய குழப்பத்தைத் தரும். காரணம் இந்தப் பருவத்தின் கதியே அப்படி. மொத்தம் 43 பகுதிகள், 9 கதைகள். அக்காலத்தில் பிபிசி ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது, படச்சுருள் படிகளையும் கழித்துவிட்டது. இந்தப் பருவத்தில் பத்துப் பகுதிகள்தான் முழுதாகப் பிழைத்தன. ஒன்பது கதைகளில் ஒன்றுகூட முழுமையாக இல்லை. நல்லவேளையாக, வீட்டில் தொலைக்காட்சி பார்த்த ரசிகர்கள் ஒலியை மட்டும் பதிந்துவைத்திருந்தார்கள். ஜான் கியூரா என்பவர் ஒளிபரப்பின்போதே திரையைப் படமெடுத்துவைத்த நிழற்படங்களும் பல கதைகளுக்குக் கிடைத்தன. இவற்றை வைத்து, தொலைந்த பகுதிகளை மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். இந்த வேலைக்குத் தமிழில் மீளுருவாக்கம் என்பதை விடப் பொருத்தமான சொல் இல்லை.

இப்போது பாருங்கள். 'தி டென்த் பிளானெட்' நான்காம் பகுதி தொலைந்தவற்றில் ஒன்று. 2013-இல் அது அசைபடமாக (அனிமேஷன்) வெளிவந்தது. "நான்காம் பகுதியின் மீளுருவாக்கத்தைப் பார்த்தேன்" என்று நான் எழுதினால், டாக்டர் முகம் மாறியதைப் பார்த்தேனா, தொலைந்த பகுதியை மறுபடி கட்டியதைப் பார்த்தேனா? இரண்டும் அந்த ஒரே பகுதியில் இருக்கின்றன. (அந்த மாற்றக் காட்சி மட்டும் தப்பியிருக்கிறது. 1973-இல் 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதை எடுத்துக் காட்டியதால் சில நொடிகள் நமக்கு மிஞ்சின. அந்தச் சில நொடிகளுக்காகவாவது நல்ல பெயர் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.)

இன்னொரு காரணமும் உண்டு. மீள்தல் என்றால் திரும்பி வருதல். டாக்டருக்குப் பழைய உரு திரும்புவதே இல்லையே. 'இழப்பு மீட்டல்' என்பதற்கும் இதே தடைதான். பல்லி இழந்த வாலை மீட்கிறது, அங்கே அது சரியான சொல். டாக்டர் இழந்த முகத்தை மீட்பதில்லை.

'மறுபிறவி' என்று முன்மொழிந்த ஐயாவுக்கு ஒரு விளக்கம். 1974-இல் அந்த ஆங்கிலச் சொல் வந்த கதையில் பௌத்தச் சாயல் உண்டு, அன்றைய தயாரிப்பாளர் பாரி லெட்ஸ் பௌத்தத்தில் பற்றுள்ளவர் என்று நீங்கள் எழுதியது உண்மை. ஆனாலும் தமிழ் வாசகர் மனத்தில் மறுபிறவி என்றால் சாவு, பிறகு ஒரு கரு, ஒரு குழந்தை, மறந்துபோன முன்வினை எல்லாம் சேர்ந்தே வரும். டாக்டர் தரையிலிருந்து எழுந்ததும் அதே கலத்தின் பெட்டியைத் திறந்து பழைய பொருள்களைத் துழாவுகிறார். நடுவில் பிறப்பே இல்லை.

'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' என்னை மிகவும் ஈர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் கதைகளில் ஊறிய சொல், கேட்டவுடன் உடம்பு விட்டு உடம்பு போவது கண்முன் தெரிகிறது. அதோடு, 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' முதல் பகுதியில் கிட்டத்தட்ட இதே உவமை வருகிறது. பென் என்ற இளைஞனுக்கு எதிரே நிற்பவர் டாக்டர்தான் என்று நம்ப முடியவில்லை. பழைய டாக்டரின் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். மோதிரம் பொருந்தவில்லை. அதற்கு டாக்டர் சொல்லும் பதிலின் கருத்து இது: சிறகு விரித்த பட்டாம்பூச்சியை அதன் பழைய கூட்டுக்குள் திணித்துப் பார்க்க முடியுமா? ஆங்கிலத்தில் அது பூச்சியின் கூடு மட்டும்தான். தமிழிலோ கூடு என்றால் பூச்சிக்கும் கூடு, பறவைக்கும் கூடு, உயிர் தங்கும் உடம்பும் கூடு. அந்த வசனத்தைத் தமிழாக்கும்போது 'கூடு' என்ற சொல்லைத் தவறவிடக் கூடாது.

ஆனால் கலைச்சொல்லாக அது நிற்காது. பாய்வதற்கு ஏற்கெனவே இன்னொரு கூடு வெளியே கிடக்க வேண்டும். சித்தர் பாய்ந்தது இறந்துகிடந்த மன்னனின் உடலில், இடையனின் உடலில். டாக்டர் யாருடைய உடலையும் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் பிற்காலக் கதைகளில் அடுத்தவர் உடலைப் பறிக்கும் வில்லன்களும் வருகிறார்கள். 'கூடு பாய்தல்' அவர்களுக்குத் தேவைப்படும்.

'உருமாற்றம்' பொதுச்சொல். இதே பருவத்தில், அதே 'தி டென்த் பிளானெட்' கதையில், சைபர்மென் முதன்முதலாக வருகிறார்கள். மோண்டாஸ் என்ற கோளின் மனிதர்கள் உறுப்பு உறுப்பாக உடலைக் கழற்றி உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துக்கொண்டவர்கள், கடைசியில் உணர்ச்சியையும் அறுத்தெறிந்தவர்கள். அவர்களை ஜெரி டேவிசோடு சேர்ந்து படைத்தவர் கிட் பெட்லர் என்ற மருத்துவ ஆய்வாளர். மாற்று உறுப்பு மருத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்ற அவருடைய கவலையிலிருந்து பிறந்த பாத்திரங்கள் அவை. சாவைத் தள்ளிப்போட ஒரே கதையில் இரண்டு வழிகள்: ஒன்றில் உடம்பைத் துண்டு துண்டாக மாற்றி மனத்தை இழக்கிறார்கள், மற்றதில் உடம்பு முழுவதும் ஒரே நொடியில் மாறியும் ஆள் தொலைவதில்லை. இந்தப் பருவத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்த எதிர்நிலைதான். இரண்டுக்கும் உருமாற்றம் என்று எழுதினால் அது வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். சைபர்மென்னுக்கு 'உறுப்புமாற்றம்', டாக்டருக்கு வேறு சொல் என்று பிரித்துவைக்க விரும்புகிறேன்.

காயகற்பம் என்பது, இருக்கும் உடம்பை மூப்பின்றிக் காப்பது. அது இங்கே பொருந்தாது.

இனி மெய்மாற்றம். மெய் என்றால் உடம்பு. நைந்துபோனது உடம்பு என்று டாக்டரே சொல்லிவிட்டார், மாறுவதும் அதுதான். ஆனால் குணமும் மாறுகிறதே என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'உடல்மாற்றம்' என்று வைத்தால் அது வெறும் சதையோடு நின்றுவிடும். மெய் அப்படியல்ல. உள்ளத்து உணர்வு உடம்பில் தோன்றுவதை மெய்ப்பாடு என்று சொன்ன மரபு நம்முடையது. மெய் சிலிர்க்கிறது, மெய்மறந்து நிற்கிறோம் என்கிறோம். உடலும் உணர்வும் சேர்ந்திருக்கும் இடத்துக்குத் தமிழில் மெய் என்றே பெயர்.

வினையாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சொல் உறுதியாயிற்று. மாறு, மாற்று என்ற இணை நமக்கு இயல்பாகக் கிடைக்கிறது. 1966-இல் டாக்டர் மெய் மாறினார். 1969-இல் அவர் இனத்தார் அவருக்கு மெய் மாற்றினர். 1979-இல் 'டெஸ்டினி ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் டாக்டரின் இனத்தைச் சேர்ந்த ரோமானா தானாக விரும்பி, துணிக்கடையில் உடை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக மெய் மாற்றிப் பார்க்கிறாள். தானே நிகழ்வது, பிறர் செய்வது, விரும்பிச் செய்துகொள்வது என மூன்றும் தெளிவாகப் பிரிகின்றன. மீளுருவாக்கத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், 'மீளுருவாக்கம் செய்யப்பட்டார்' என்று இழுக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கைக்கும் வசதி. 1976-இன் 'தி டெட்லி அசாசின்' கதைப்படி ஒருவருக்குப் பன்னிரண்டு முறைதான் இது நிகழலாம். பன்னிரண்டு மெய்மாற்றம், பதின்மூன்று மெய். மாற்றத்தையும் மெய்யையும் தனித்தனியே எண்ணலாம், குழம்பாது. 2023 டிசம்பரில் வந்த 'தி கிகில்' கதையில் டாக்டர் மாறாமல் இரண்டாகவே பிரிந்து, டேவிட் டென்னண்டும் ஷுட்டி கட்வாவும் அருகருகே நின்றார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல் செய்தார்கள். நமக்கு 'மெய்பிரிவு' என்று ஒரே அடியில் கிடைத்துவிடுகிறது.

எதிர்ப்பு வரக்கூடிய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மெய் என்றால் உண்மை என்றும் பொருளுண்டு, இலக்கணத்தில் ஒற்றெழுத்தும் மெய்தான். ஆனால் மெய்க்காப்பாளர் என்றால் யாரும் உண்மையைக் காப்பவர் என்று எடுத்துக்கொள்வதில்லை. சூழல் பார்த்துக்கொள்ளும். அடுத்தது புணர்ச்சி. மெய்ஞ்ஞானம் போல மெய்ம்மாற்றம் என்று ஒற்று மிக வேண்டாமா? விதிப்படி அதுவே முறை என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அப்படி எழுதினால் மெய்ம்மை என்ற சொல் காதில் விழுந்து, உண்மை என்ற பொருள் முன்னால் வந்துவிடுகிறது. 'மெய்மறந்து' என்று ஒற்றில்லாமல் பெருவழக்காக எழுதுகிறோம் அல்லவா, அதைப் பின்பற்றலாம் என்பது என் கருத்து.

அப்புறம், 'பருவம்' பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மழைக்காலம், வெயில்காலம் நினைவுக்கு வருகிறது, சீசன் என்றே விட்டுவிடலாமே என்று. பிள்ளைத்தமிழை நினைத்துப் பாருங்கள். காப்பு முதல் சிறுதேர் வரை பத்துப் பருவம், ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டு. ஒரே பிள்ளை வளர வளர நூலும் பருவம் பருவமாக நகர்கிறது. நூலின் பிரிவுக்கும் வாழ்வின் கட்டத்துக்கும் ஒரே சொல். ஒரே ஆள் மெய் மாறி மாறி வரும் தொடருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 1963 முதல் 1989 வரை 26 பருவம் ஓடி, 2005-இல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, 2024-இல் இன்னொரு முறை ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். 2008-இலும் ஒரு நான்காம் பருவம் உண்டு. ஆகவே என் கட்டுரையில் 'நான்காம் பருவம் (1966–67)'. பருவத்துக்குள் வரும் சில வாரக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் சீரியல் என்று பெயர். தமிழில் சீரியல் என்றால் முழுத் தொடரே என்றாகிவிட்டதால் அவற்றைக் 'கதை' என்றே எழுதுகிறேன், அதன் கூறுகளைப் 'பகுதி' என்று.

இன்னும் ஒன்றில்தான் எனக்குத் தயக்கம். தான் புதுப்பிக்கப்பட்டிருப்பதாக 1966-இல் டிரௌட்டன் பேசும் அந்த வசனத்தில் மெய்மாற்றம் என்ற சொல்லைப் போடலாமா? அவருக்கே அப்போது பெயர் தெரியாது. எழுந்தவுடன் தனக்கு என்ன நடந்தது என்று தடுமாறித் தேடி, கையில் அகப்பட்ட சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். அங்கே 'புதுசாக்கப்பட்டிருக்கிறேன்' என்று பேச்சுச் சொல்லாகவே விட்டு, கட்டுரையின் விளக்கத்தில் மட்டும் மெய்மாற்றம் என்று எழுத நினைக்கிறேன். வசனமொழிபெயர்ப்பில் பழக்கம் உள்ளவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதினால் நல்லது. ஞாயிறு வரை பார்த்துவிட்டுக் கட்டுரையில் மாற்றங்களைச் செய்கிறேன்.

அன்புடன்.