மறு: ‘தற்காப்பு’ என்ற சொல் போதுமா? விண்வெளி விளையாட்டுகளில் பகையாட்டக்காரர்களிடமிருந்து உய்தல்

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பலர் சேர்ந்து ஆடும் இணைய விண்வெளி விளையாட்டுகளில், பகைமையோடு பின்தொடரும் பிற ஆட்டக்காரர்களிடமிருந்து கப்பலையும் சரக்கையும் மீட்டுக்கொண்டு போகும் திறமைக்குப் பொதுச்சொல் ஒன்று வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை ‘தற்காப்பு’, ‘எதிர்காப்பு’, ‘உயிர்பிழைப்பு’ ஆகிய மூன்றும் விடையாக வந்துள்ளன. நான் ‘உய்வு’ என்பதை முன்வைக்கிறேன். அதைத் தனியே எடுத்து ஆராய முடியாது. கூடவே வரும் சில சொற்களையும் பார்த்தால்தான் என் காரணம் விளங்கும்.

> தற்காப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். இன்னொன்றை ஏன் ஆக்க வேண்டும்?

தெரிந்த சொல்லாக இருப்பதுதான் இங்கே இடையூறு. தற்காப்பு என்றதும் எதிர்த்து நின்று அடியைத் தாங்குவதும் திருப்பி அடிப்பதுமே படிப்பவர் மனத்தில் தோன்றும். ஆனால், சரக்குக் கப்பல் ஓட்டுபவரை வளைத்துக்கொள்பவர், அந்தக் கப்பல் எவ்வளவு அடி தாங்கும், எத்தனை நொடியில் உடையும் என்பதை முன்பே கணக்கிட்டுத்தான் வருகிறார். அவருக்கு எதிரே நின்று போரிடுவது, அவர் தேர்ந்தெடுத்த களத்தில் அவர் விதித்த முறையில் ஆடுவதாகும். தேர்ந்த ஓட்டுநர்கள் சண்டையைத் தொடங்கவே விடாமல் விலகிப் போகிறார்கள். அந்த விலகலைத் ‘தற்காப்பு’ என்று எழுதிவைத்தால், புதியவர் காப்புக்கவசத்தை நம்பி நின்று கப்பலை இழப்பார்.

‘உயிர்பிழைப்பு’ நல்ல சொல்தான் என்றாலும், இந்த ஆட்டங்களில் உயிர் பொருட்டே இல்லை. ஈவ் ஆன்லைன் என்னும் விளையாட்டில் கப்பலும் அதிலிருந்து வெளியேறிய உயிர்க்கூடும் உடைந்தபின் ஆட்டக்காரர் நகலுடல் ஒன்றில் விழித்தெழுகிறார். எலீட் டேஞ்சரஸ் என்னும் மற்றொரு விளையாட்டில் கப்பல் மதிப்பில் 5 விழுக்காட்டைக் கட்டினால் அதே கப்பல் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் சுமந்துவந்த சரக்கும், விற்காமல் வைத்திருந்த ஆய்வுத் தரவும் போனது போனதுதான். எனவே, தப்ப வேண்டியது உயிர் அன்று, பயணம். ‘உய்தல்’ என்ற வினைக்கு இடரிலிருந்து நீங்கி மேற்செல்லுதல் என்ற பொருள் உண்டு. உய்வு, உய்வழி, உய்திறன் என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. சமய நூல்களில் உய்வு வீடுபேற்றையும் சுட்டும் என்ற மறுப்பு எழலாம். விண்கப்பல் பற்றிய கட்டுரையில் அந்த மயக்கம் யாருக்கும் வராது என்று நினைக்கிறேன்.

> ஈவ் ஆன்லைனின் பகுதிகளுக்கு ‘உயர்பாதுகாப்பு வெளி’, ‘தாழ்பாதுகாப்பு வெளி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் வலுவாக மறுக்கிறேன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு விண்மீன் மண்டிலத்துக்கும் அதன் காவல் அளவைக் காட்டும் ஓர் எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை உள்ளவற்றில் கான்கார்ட் என்னும் காவற்படை இருக்கிறது. நியாயமின்றிச் சுட்டவரின் கப்பலை அது தவறாமல் அழிக்கும். ஆனால் சுடப்பட்டவரின் கப்பலைக் காப்பது அதன் வேலை அன்று. அது வந்துசேரச் சில நொடிகள் ஆகும், 1.0-ஐவிட 0.5-இல் அந்த இடைவெளி கூடுதல். மலிவான கப்பல்களில் கூட்டமாக வந்து, அவை அழியப்போவது உறுதி என்று தெரிந்தே, அந்தச் சில நொடிக்குள் ஒரு சரக்குக் கப்பலை உடைத்துவிட்டு, சிதறும் சரக்கை அள்ளக் கூட்டாளி ஒருவரை அருகில் நிறுத்திவைப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்தே பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைத் தருவது, ஆட்டம் கொடுக்காத வாக்குறுதியை நாம் கொடுப்பதாகும். ‘உயர்காவல் வெளி’, ‘தாழ்காவல் வெளி’, ‘காவலற்ற வெளி’ என்று வைக்கலாம். காவல் இருந்தும் களவு நடக்கும் என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இதே காரணத்தால், மண்டிலத்தில் யாரும் வழக்கமாகப் போகாத ஓரிடத்தைக் குறித்துவைத்து அங்கே சென்று தங்குவதைப் ‘பாதுகாப்பிடம்’ என்று சொல்வதும் பொருந்தாது. தேடுகருவிகளை ஏவி அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். சற்று நேரம் ஒதுங்கி நிற்கலாம், அவ்வளவே; ஆகவே ‘ஒதுங்கிடம்’.

இனி வழிமறிப்புக்கு வருகிறேன். மிகுதியான குழப்பம் இங்கேதான் இருக்கிறது. 2014-இல் வந்த எலீட் டேஞ்சரஸில், ஒளியைக் காட்டிலும் விரைந்து செல்லும் கப்பலைப் பின்தொடர்ந்து வந்து இயல்பு வேகத்துக்கு இழுத்துப்போடும் கருவி உண்டு. அச்செயலுக்கு ‘வழிமறிப்பு’ என்ற முன்மொழிவில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால், வழிமறிக்கப்பட்டவர் போராடாமல் தாமே வேகத்தைச் சுழியாக்கி இயல்பு வேகத்துக்கு இறங்குவதைச் ‘சரணடைதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சப்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அது நேராகவே இருக்கலாம், செயலுக்கு நேர்மாறானது. இழுபறியில் போராடித் தோற்றால் கப்பல் சேதமடைந்து சுழன்றுகொண்டே வெளியே விழும்; பாய்ச்சல் இயந்திரம் மீண்டும் இயங்கவும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தாமே இறங்கியவருக்கோ அந்தக் காத்திருப்பு மிகவும் குறைவு. ஆகவே, தம்மைவிட வல்ல ஆட்டக்காரர் துரத்தும்போது உடனே இறங்குவதுதான் ஓடுவதற்கான முதற்படி. ‘சரணடை’ என்று படித்தவர் மானம் கருதி இழுபறியில் இறங்கினால் அவர்மேல் குற்றமில்லை. இதற்கு ‘இணங்கி இறங்கல்’ என்று இரண்டு சொல்லாக வைக்கிறேன். நீளந்தான், சுருக்க வழியிருந்தால் சொல்லுங்கள்.

இறங்கியபின் எங்கே ஓடுவது என்பதற்கும் பெயர் வேண்டும். அதே மண்டிலத்துக்குள் மறுபடி விரைவுநிலைக்குப் போகலாம். வேறொரு மண்டிலத்துக்கே பாய்ந்தும் போகலாம். அருகிலுள்ள பெரிய கப்பல்களின் நிறை முதல் வகையைத் தாமதப்படுத்தும். இரண்டாம் வகையை அது தொடுவதில்லை. எனவே கனத்த போர்க்கப்பல் பக்கத்தில் நிற்கும்போது வெளி மண்டிலத்துக்குப் பாய்வதே உய்வழி. ஆங்கிலத்தில் இவற்றை முறையே ‘லோ வேக்’, ‘ஹை வேக்’ என்கிறார்கள். ‘தாழ்சுவடு’, ‘உயர்சுவடு’ என்று அவற்றை நேராகப் பெயர்த்த முன்மொழிவைப் படித்தால் எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. ‘அகப்பாய்ச்சல்’, ‘புறப்பாய்ச்சல்’ என்று வைத்தால் ‘துரத்தப்படும்போது புறப்பாய்ச்சலுக்கு இயந்திரத்தை முடுக்கு’ என்ற அறிவுரை ஒரே தடவையில் பதியும். அருகிலுள்ள நிறையால் விளையும் தாமதத்துக்கு ‘நிறைப்பிடி’ என்பதே போதும். இலங்கை நண்பர்கள் பாடநூல் வழக்கின்படி ‘திணிவுப்பிடி’ என்று எழுதக்கூடும். இரண்டையும் பட்டியலில் சேர்ப்பதில் தவறில்லை.

ஈவில் பிடித்து நிறுத்தும் முறை வேறு. அங்கே பாய்ச்சலுக்குப் போக, கப்பல் போகுமிடத்தை நோக்கித் திரும்பி, தன் உச்ச வேகத்தில் 75 விழுக்காட்டை எட்ட வேண்டும். பெரிய சரக்குக் கப்பலுக்கு இதற்கே நெடுநேரம் பிடிக்கும். இந்த ஆயத்தத்துக்குத் ‘திசைகொள்ளல்’ என்ற முன்மொழிவு அழகாக இருக்கிறது. ‘ஆபத்து வருமுன்பே திசைகொண்டு நில்’ என்று சொல்லிப் பாருங்கள், தமிழாகவே ஒலிக்கிறது. திசைகொள்வதற்குள் எதிரி நெருங்கி, பாய்ச்சல் இயந்திரத்தை முடக்கும் கருவியைப் பூட்டிவிட்டால் ஓட முடியாது. அதைத் ‘தளை’ என்றும், செயலைத் ‘தளைத்தல்’ என்றும் கூறலாம். யாப்பிலக்கணத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தளைகளுள் தொலைவிலிருந்து பிடிப்பது ஒன்று, கிட்டே வந்து பிடிப்பது மற்றொன்று. கிட்டே வந்து பிடிப்பது கப்பலின் உந்துவேகக் கருவியையும் சேர்த்தே நிறுத்திவிடுவதால் ‘நெடுந்தளை’, ‘குறுந்தளை’ என்று பிரித்தே சொல்ல வேண்டும். காவலற்ற வெளியில் பரப்பப்படும், உள்ளிருக்கும் எல்லோரையும் ஒருசேரத் தளைக்கும் வட்டத்துக்குக் ‘குமிழ்’ என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

> ‘கேங்க்’ (எளிய இலக்கை எதிர்பாராமல் தாக்கி உடைத்தல்) என்பதற்கு ‘வழிப்பறி’ என்றால் என்ன?

பறித்தல் இருக்கும் இடத்தில் அது சரி. ஈவின் சரக்குக் கப்பல் கொள்ளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். எலீட்டில் புதியவர்கள் மிகுதியாக வந்துபோகும் மண்டிலங்களில் காத்திருந்து அவர்களின் கப்பலை உடைப்பவர்கள் பெரும்பாலும் எதையும் எடுத்துப்போவதில்லை. உடைப்பதே அவர்களுக்கு விளையாட்டு. பழந்தமிழில் ‘ஆறலை கள்வர்’ என்ற தொடர் உண்டு. ஆறு என்றால் வழி; வழியில் செல்வோரை அலைக்கழிப்பது ‘ஆறலைத்தல்’. பறித்தல் அதில் கட்டாயமில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் முழு நிறைவில்லை. சிறுகோள் பட்டையில் ஒரே இடத்தில் நின்று கனிமம் தோண்டுபவரையும் இப்படித்தான் தாக்குகிறார்கள்; அவர் எந்த ஆற்றிலும் செல்லவில்லையே. இந்த ஒன்றை மட்டும் முடிவுசெய்யாமல் திறந்து வைப்போம்.

கடைசியாக, சண்டை நடுவே இணைப்பைத் துண்டித்துவிட்டு மறைந்துபோவதை ‘உய்வு’ வகைகளுள் ஒன்றாக நண்பர் ஒருவர் சேர்த்திருந்தார். அதை நீக்கிவிட வேண்டுகிறேன். எலீட்டில் ஆட்டத்தின் தெரிவுப்பட்டியல்வழி முறையாக வெளியேறினாலே ஆபத்தின்போது 15 நொடி காத்திருக்க வேண்டும். கம்பியைப் பிடுங்குவதை அந்த நிறுவனம் ஏமாற்று என்றே கருதுகிறது. ஈவில் பிற ஆட்டக்காரருடன் சண்டை தொடங்கியபின் வெளியேறினாலும் கப்பல் 15 நிமிடம் வரை வெளியில் நின்று அடி வாங்கும். ஒரு நிறுவனம் விதியாலும் மற்றொன்று ஆட்டத்தின் அமைப்பாலும் அடைத்துவிட்ட வழி இது. ‘இணைப்பறுப்பு’ என்று தனிப்பதிவாக, விதிமீறல்கள் என்ற தலைப்பின்கீழ் அது இருக்கட்டும்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்