மேலூர் வீட்டில் தட்டு ஆடியது

மேலூர் அத்தை, 1:12
அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கலகலவென்று ஆடியது. பூகம்பமா? பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஒத்தக்கடை சித்தப்பா, 1:14
இங்கே ஒன்றும் தெரியவில்லை அக்கா. குவாரியில் வெடி போட்டிருப்பார்கள்.

கவி (ஜப்பான்), 1:20
வெளியே வந்தது நல்லது அத்தை. எவ்வளவு நேரம் ஆடியது?

மேலூர் அத்தை, 1:22
ஒரே குலுக்கு. தம்ளர் தண்ணீரில் வளையம் வந்தது, ரெண்டு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது.

கவி, 1:26
அப்போது வெடியாகத்தான் இருக்கும். இப்படிச் சட்டென்று வருவதைக் கணினி சுலபமாகப் பிடித்துவிடும். கடைசி ஒரு நொடி ஆட்டத்தின் சராசரியை, அரை நிமிடச் சராசரியால் வகுத்துக்கொண்டே இருக்கும். விகிதம் எகிறினால் மணியடிக்கும்.

ஒத்தக்கடை சித்தப்பா, 1:28
அப்புறம் உனக்கு அங்கே என்ன வேலை?

கவி, 1:35
ட்ரெமர் சித்தப்பா, நிலத்தடியில் வரும் மெல்லிய அதிர்வு. அது மெல்ல ஏறி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். அரை நிமிடச் சராசரியும் கூடவே ஏறிவிடுவதால் மணி அடிக்காது. 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு ஜப்பான் முழுக்க 100 மீட்டர், அதற்கும் கீழே என்று துளை போட்டு நில அதிர்வுக் கருவி இறக்கினார்கள். அந்தப் பதிவுகளில்தான் நில அதிர்வு ஆய்வாளர் கசுஷிகே ஒபாரா 2002-இல் இதை வெளிக்கொண்டுவந்தார். எரிமலையே இல்லாத இடத்தில், சுமார் 30 கி.மீ. ஆழத்தில்.

தல்லாகுளம் அப்பத்தா, 1:41
ஆரம்பமே தெரியாததை எப்படித்தான் பிடிப்பது கண்ணு?

கவி, 1:50
எதிர்சேவை அன்றைக்கு நம் திண்ணையில் யார் கத்துகிறார், எந்தக் கொட்டு என்று பிரிக்க முடியாது இல்லையா அப்பத்தா? ஆனால் கூட்டம் ‘கோவிந்தா’ என்றதும் இரைச்சல் பொங்கும், அப்புறம் தணியும். அந்தப் பொங்கலும் தணிவும் அடுத்த தெரு மாடியிலும் அதே அச்சில் கேட்கும், கொஞ்சம் முன்னே பின்னே. நாங்களும் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் கோடாக எடுக்கிறோம். கருவி இருக்கும் பல நிலையங்களின் கோடுகளைக் கணினி நகர்த்தி நகர்த்திப் பொருத்தும். பொருந்தினால் ட்ரெமர். எத்தனை நொடி நகர்த்தினோம் என்பதிலிருந்து இடம் கிடைக்கும். ஒரே நிலையத்தில் மட்டும் தெரிந்தால் பக்கத்தில் லாரி போயிருக்கும்.

மேலூர் அத்தை, 1:52
நம் வீட்டில் மட்டும் ஆடிய மாதிரி.

கவி, 1:53
அதேதான் அத்தை!

ஒத்தக்கடை சித்தப்பா, 1:55
ட்ரெமர் வந்தால் பெரிய பூகம்பம் வருமா?

கவி, 2:01
அப்படிச் சொல்ல முடியாது. ஆழத்தில் பாறைத் தட்டுகள் மெதுவாக நழுவும்போது கூடவே வருகிறது. கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை. அந்த நழுவல் மேலே இறுகிக் கிடக்கும் பகுதிமேல் பாரம் ஏற்றும். அதனால்தான் ஒரு மணி நேரம்கூட விடாமல் பார்க்கிறோம்.
அத்தை, இனி ஆடினால் மணி, நிமிடத்தோடு இங்கே போடுங்கள். வெடி நேரத்தோடு பொருந்தினால் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கலாம்.

மேலூர் அத்தை, 2:04
சரி. 1:11 என்று இன்றைய காலண்டர் தாளிலேயே எழுதிவிட்டேன். கிழிக்க மாட்டேன்.