பறப்பூசி: பறக்கும்போதே கலவை திருத்தும் ஊசிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாதிரி விமான எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை, அது பறந்துகொண்டிருக்கும்போதே கீழிருந்து கூட்டிக் குறைக்கும் அமைப்புக்கு "தொலைநிலைக் கலவைக் கட்டுப்பாடு" என்ற சொல் நம் சொற்பட்டியலுக்கென முந்தைய மடலில் வந்திருந்தது. பொருளில் பிழையில்லை. ஆனால் பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நின்று இதைச் சொல்லிப் பார்த்தேன். சரிப்படவில்லை.

முதலில் 'தொலை'. இந்தத் துறையில் ஏற்கெனவே வேறொரு தொலைவு இருக்கிறது. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் திருத்தும் ஊசி வால்வு ப்ரொப்பல்லருக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கும். ஓடும் எஞ்சினில் அதைத் திருகப் போனால் விரலுக்கு ஆபத்து. அதனால் சில எஞ்சின்களில் ஊசியைப் பிரித்து சிலிண்டருக்குப் பின்னால் தள்ளி வைத்து, சிறு குழாயால் கார்புரேட்டரோடு இணைத்திருப்பார்கள். அப்போதும் அதைத் திருகுவது கைதான். நாம் பெயர் தேடுவதோ, ரேடியோவில் மிச்சமிருக்கும் ஒரு சேனலில் சர்வோவை (ரேடியோ கட்டளைக்குத் திரும்பும் சிறு மோட்டாரை) மாட்டி அது திருகும் ஊசிக்கு. இரண்டையும் 'தொலை' என்றால், கடையில் ஒன்றைக் கேட்பவர் கையில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து 'கலவை'. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேர்த்து கேனில் வைத்திருக்கிறோமே, அதையும் கலவை என்றுதான் சொல்கிறோம். "கலவை தீர்ந்துபோச்சா?" என்றால் யாரும் எரிபொருளும் காற்றும் சேரும் விகிதத்தை நினைப்பதில்லை.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது 'ரிச்' (எரிபொருள் கூடுதல்), 'லீன்' (எரிபொருள் போதாமை) இரண்டுக்கும் அதே மடலில் வந்திருக்கும் 'மிகு கலவை', 'குறை கலவை'. எழுத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. போன மாசியில் இதே சொற்களைப் பழக்கிப் பார்த்தோம். 7.5 சிசி எஞ்சின். ரேடியோ என் மருமகன் கையில். பக்கத்தில் நின்று சத்தம் கேட்டுச் சொல்வது என் வேலை. விமானம் மூக்கைத் தூக்கி ஏறியபோது சத்தம் மெலிந்து கீச்சென்று போனது. எரிபொருள் போதவில்லை என்று புரிந்து, "குறை, குறை!" என்று கத்தினேன். நான் சொன்னது நிலையை. அவன் எடுத்துக்கொண்டது கட்டளையை. இன்னும் குறைத்தான். எஞ்சின் ஒரு கணம் கூவிவிட்டு நின்றுபோனது. விமானம் வரப்பில் மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தால் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்கின் கம்பிச்சுருள் அறுந்து கிடக்கிறது. "நீங்கதானே மாமா குறைன்னு சொன்னீங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை. தமிழில் 'குறை' பெயரும்தான், ஏவலும்தான். ஆங்கிலத்தில் லீன் என்று கத்தினாலும் இதே குழப்பம் வரக்கூடும். நாம் புதிதாகச் சொல் படைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

எனவே நிலையைச் சொல்லும் சொல் வேறு குடும்பத்திலிருந்து வரட்டும். நான் முன்வைப்பவை 'ஈரம்', 'வறள்'. எரிபொருள் கூடினால் எஞ்சின் தடதடக்கும், வெண்புகை தள்ளும். இறங்கிய பிறகு இறக்கையைத் தடவினால் விரலெல்லாம் பிசுபிசுவென்று விளக்கெண்ணெய். அது ஈரம்தான். குறைந்தால் புகை மறையும், சூடு ஏறும், இறக்கை காய்ந்து கிடக்கும். விவசாயம் பார்க்கும் நம் ஊரில் இந்த இரண்டையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊசிக்குக் கட்டளை 'திற', 'மூடு'. வறள் என்றால் திற. ஈரம் என்றால் மூடு. எது நிலை, எது ஏவல் என்று தடுமாற இடமே இல்லை.

கருவிக்கு 'பறப்பூசி'. பின்னால் தள்ளி வைத்துக் கையால் திருகுவது 'விலக்கூசி'. அதற்குப் 'பின்னூசி' என்றும் யோசித்தேன். ஸ்வெட்டர் பின்னும் ஊசி நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். பறப்பூசி 'தடுப்பூசி' மாதிரி ஒலிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதை நான் குறையாகக் காணவில்லை. அந்த வார்ப்பு எல்லார் நாவிலும் ஏறிவிட்டது, புதுச்சொல்லும் அதே தடத்தில் எளிதாகப் போகும்.

பறப்பில் ஊசி எதற்கு, தரையிலேயே சரிசெய்துவிட்டால் போதாதா என்ற கேள்வியும் வந்திருந்தது. டேங்கில் மட்டம் இறங்க இறங்க எஞ்சின் மெல்ல வறளும். மூக்கு மேலே போனால் டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே போய்விடும், அப்போதும் வறளும். வெயில் ஏறிக் காற்று லேசானால் காலையில் வைத்த அளவு ஈரமாகத் தெரியும். தரையில் கொஞ்சம் ஈரமாகவே வைத்துச் சமாளிப்பதுதான் வழக்கம். பறப்பூசி இருந்தால் அந்த விட்டுக்கொடுப்பு வேண்டாம். சர்வோ நேராக ஊசியைப் பிடித்திருந்தால் கிடைப்பது ஏறக்குறைய கால் சுற்றுதான். அது போதும். முழுதாக மூடிக்கொள்ளாதபடி அதன் எல்லையை ரேடியோவிலேயே கட்டிவைத்துவிட வேண்டும்.

சொற்பட்டியலில் சேர்ப்பதானால் விளக்கம் இப்படி இருக்கலாம்: பறப்பூசி – பறக்கும்போதே ரேடியோவழி சர்வோவால் திறந்து மூடப்படும் எரிபொருள் ஊசி.

அன்புடன்,
கடலூரிலிருந்து

பி.கு. க்ளோ ப்ளக்குக்கு 'ஒளிர்செருகி' என்று பட்டியலில் பார்த்தேன். அதன் பிளாட்டினம் கம்பி இருப்பது வெளிச்சம் தருவதற்காக அல்ல. பேட்டரியைக் கழற்றிய பிறகும் மெத்தனால் எரியும் வினையை ஊக்கிக் கனன்றுகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. 'கனற்செருகி' என்று மாற்றலாமா?