எட்டிக்கொட்டையில் செய்த ஹோமியோபதி மருந்து: சாப்பிட்டவர்கள் உண்டா?

கொருக்குப்பேட்டையிலிருந்து:
என் கணவருக்கு மணலியில் இரவு ஷிப்ட். நள்ளிரவில் டீ, விடியற்காலையில் பரோட்டா என்று வயிறு கெட்டு, நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் படுத்தி எடுத்தன. தண்டையார்பேட்டையில் ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் போனோம். வயிற்றைவிட மனிதரைத்தான் அவர் அதிகம் விசாரித்தார்: சட்டென்று கோபம் வருமா, சத்தம் கேட்டால் எரிச்சலா, குளிர் ஆகாதா? எல்லாவற்றுக்கும் நானே ஆமாம் போட்டேன். கொடுத்தது நக்ஸ் வாமிகா 30, இரவில் நான்கு உருண்டை.

அது விஷமுள்ள எட்டிக்கொட்டையில் செய்தது என்று பக்கத்து வீட்டு ஐயா சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே நீ? அதைப் போய் என் பிள்ளைக்குக் கொடுக்கிறாயே அம்மா" என்று மாமியார் பாட்டிலை எங்கோ ஒளித்துவிட்டார்.

பெரம்பூர், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்:
உங்கள் மாமியாரிடம் கணக்கைச் சொல்லுங்கள். 30 என்றால், நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது முறை செய்தது. 1-க்குப் பின்னால் 60 சுழியம் போட்டு வகுக்க வேண்டும். பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே எட்டியின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். என் பேரன் சின்னக் குழந்தையாக இருந்தபோது அதே நக்ஸ் வாமிகா 30 உருண்டை பாட்டில் ஒன்றைக் காலி செய்தான். பதறிக்கொண்டு ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை. "விஷம் இல்லை, சரி, மருந்தாவது இருக்கிறதா?" என்று மகள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
நானும் இதே மருந்தைச் சாப்பிட்டேன், எனக்கு வயிறு சரியானது. டீயையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றச் சொன்னார் மருத்துவர், மாற்றினேன். எது குணப்படுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ராயபுரம், நாட்டு மருந்துக் கடை:
உருண்டையைப் பற்றி நான் பேச வரவில்லை, கொட்டையைப் பற்றித்தான். அது தட்டையாக, கோட்டுப் பொத்தான் போல இருக்கும். சாம்பல் நிறம், தடவினால் பட்டு போன்ற மினுமினுப்பு. போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். "சர்க்கரை உருண்டைக்கே இவ்வளவு குணம் என்றால் மூலத்தையே இடித்துச் சாப்பிட்டால்?" என்றார். நான் தரவில்லை. கோபித்துக்கொண்டு போனார், போகட்டும்.

சித்த மருத்துவத்தில் எட்டி உண்டு. ஆனால் சுத்தி செய்யாமல், அதாவது விஷத்தைக் குறைக்கும் பக்குவம் செய்யாமல், யாரும் சேர்ப்பதில்லை. அது கற்றவர் செய்யும் வேலை. உள்ளே இருக்கும் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தை 1818-இலேயே பிரான்சில் பெல்லெட்டியே, கவெந்து என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். தசைகளை அடக்கி வைக்கும் நரம்புச் சைகையை அது தண்டுவடத்தில் தடுக்கிறது. தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும், சின்னச் சத்தமும் வலிப்பைக் கிளப்பும். கொடுமை என்னவென்றால், நினைவு தப்பாது. கடைசியில் மூச்சுத் தசைகள் விறைத்துத்தான் உயிர் போகும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:
அண்ணே, எங்கள் வீட்டில் இருப்பது உருண்டை இல்லை. பழுப்பு நிறத் திரவம், லேபிளில் 'கியூ' என்று போட்டிருக்கிறது. இதுவும் அதே கணக்குத்தானா?

ராயபுரம், நாட்டு மருந்துக் கடை:
இல்லை தம்பி. அது மதர் டிங்சர், கொட்டையை ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கியது. ஆசிரியர் ஐயா போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது. விஷம் அதில் நிஜமாகவே இருக்கிறது. பிள்ளைகள் கைபடாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட எடுக்காதீர்கள்.