101 பஸ்ஸில் தோழியையும் ஏற்றிவிடலாமா?

பாகான் அம்மா:
மகளுக்கு 13 வயது. இந்த ஆண்டிறுதி விடுமுறையில் இடைநிலைப்பள்ளியில் கூடப் படிவம் ஒன்று படிக்கும் தோழிகள் மூவரோடு பெர்ரியில் பினாங்குத் தீவு ஜெட்டிக்குப் போய், 101 பஸ் பிடித்து பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போக வேண்டுமாம். பெரியவர்கள் யாரும் கூட வரக் கூடாதாம். சரி போ, ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். "அப்போ நான் போகவே இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை இப்போது படிவம் ஒன்றுக்கு முந்தைய ரிமூவ் வகுப்பில் இருக்கிறது. ஒரே பள்ளிதான். நான் சொன்னது தப்பா?

பிறை அண்ணன்:
தப்பே இல்லைம்மா. மலாய் கொஞ்சம் பத்தவில்லை என்று ஒரு வருஷம் ரிமூவில் போட்டார்கள், அவ்வளவுதான். அதற்காகக் கூடப் படித்தவளை உதறுவதா? கடற்கரைக்கு அனுப்புவதே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் ஜெல்லிமீன் வரும். 12 வயதில் மைகார்டு, அதான் அடையாள அட்டை, கையில் வந்துவிட்டால் பெரிய மனுஷியா?

ஜெலுத்தோங் டீச்சர்:
அண்ணே, உதறினாள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வகுப்பு வேறு, பாடம் வேறு, வீட்டுப்பாடம் வேறு. பேச என்ன மிச்சம் இருக்கும்? அம்மா, நீங்கள் தோழியை அனுப்பவில்லை, காவலுக்கு ஆள் அனுப்புகிறீர்கள். இது இரண்டு பிள்ளைகளுக்குமே தெரியும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
நான் ரிமூவ் படித்தவள். இதே மாதிரி ஒரு ஆன்ட்டி தன் மகளோடும் அவள் தோழிகளோடும் என்னையும் பேரங்காடிக்கு அனுப்பினார். அவர்கள் வகுப்புக் கதையை மலாயில் பேசிச் சிரித்தார்கள். நான் நாலு பேருடைய பையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கும்போது கைப்பேசியை என்னிடம்தான் நீட்டினார்கள். ஒரு படத்திலும் நான் இல்லை. தயவுசெய்து அந்தப் பிள்ளைக்கு இதைச் செய்யாதீர்கள்.

பிறை அண்ணன்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கூப்பிடாமல் விட்டால் வலிக்காதா? கூப்பிடட்டும், வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

ஜெலுத்தோங் டீச்சர்:
கூப்பிட வேண்டியது மகள். அம்மா இல்லை.

பாகான் அம்மா:
நேற்று சந்தையில் அந்தப் பிள்ளையையே பார்த்தேன். கூட ரிமூவ் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர். "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு செண்டோல் கடைப் பக்கம் ஓடிவிட்டாள். என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. நிபந்தனையை எடுத்துவிட்டேன். பஸ் ஏறியதும் புலனத்தில் (வாட்ஸ்அப்) சொல்ல வேண்டும், ஆறு மணிக்குள் பெர்ரியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறை அண்ணன்:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லுங்கள். சின்னப் போத்தலில் கொஞ்சம் வினிகர் கொடுத்துவிடுங்கள், ஜெல்லிமீன் கொட்டினால் உடனே ஊற்றலாம்.