கார் ஆம்ப் பழுது: உங்களிடம் வந்த கேஸ்களைச் சொல்லுங்கள்

நான் தொடங்கி வைக்கிறேன். ஃபியூஸ் போட்ட நொடியே போய்விடும் நான்கு சேனல் ஆம்ப் (ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று கைக்கு வந்தது. வைத்திருந்தவர் கொஞ்சம் பெரிய ஃபியூஸாகப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஃபியூஸ் போகாது, போர்டில் இருக்கும் செம்பு ட்ராக் எரியும்.

ரிமோட் வயர் (ஸ்டீரியோவிலிருந்து வந்து ஆம்பை ஆன் செய்யும் வயர்) கொடுக்காமலேயே ஃபியூஸ் போனது நல்ல துப்பு. ஆம்ப் இயங்கத் தொடங்கவே இல்லை, ஆனாலும் பேட்டரி பக்கம் ஷார்ட். அப்படியானால் சந்தேகம் இரண்டு இடத்தில்தான். ஒன்று, பேட்டரி பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே இருக்கும் பாதுகாப்பு டயோடு. யாராவது பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருந்தால் அதுதான் முதலில் ஷார்ட் ஆகும். அதன் ஒரு காலைத் தூக்கி அளந்தேன், நன்றாக இருந்தது. அடுத்தது பவர் சப்ளை மாஸ்ஃபெட்டுகள், அதாவது பேட்டரி மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் மூன்று கால் டிரான்சிஸ்டர்கள், இரண்டு வரிசையாக. இதில் இருந்தவை ஐஆர்எஃப்இசட்44. நடுக்காலுக்கும் மூன்றாம் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. ஒரு வரிசையில் எல்லாம் இணையாக இருப்பதால் ஒன்று போனாலும் மொத்த வரிசையும் ஷார்ட் மாதிரிதான் தெரியும், கழற்றினால்தான் குற்றவாளி யாரென்று தெரியும். போனதை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வரிசையையும் ஒரே ரகத்தில் புதிதாகப் போட்டேன். மாஸ்ஃபெட்டுகளின் கேட் காலுக்குப் போகும் ரெசிஸ்டர்கள் வெளியே கருகாமல் உள்ளே ஓப்பன் ஆகியிருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

அப்புறம் நேராக பேட்டரியில் கொடுக்கவில்லை. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை பிளஸ் வயரில் சீரிஸாகப் போட்டேன். உள்ளே என்ன ஷார்ட் இருந்தாலும் ஐந்து ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. கெப்பாசிட்டர் நிரம்புகிறது, சரி. ரிமோட் கொடுத்ததும் முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றது. ஆக, நோய் இன்னும் உள்ளே இருக்கிறது, மாஸ்ஃபெட் போனது விளைவுதான். பின்பக்க சேனல் ஒன்றில், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அதையும் அதன் ஜோடியையும் மாற்றியபின் பல்பு அடங்கியது. ஸ்பீக்கர் முனையில் டிசி அளந்தேன், சில மில்லிவோல்ட்தான். இதை அளக்காமல் ஸ்பீக்கரை மாட்டக்கூடாது. அங்கே வோல்ட் கணக்கில் டிசி நின்றால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.

ஆனால் அந்த டிரான்சிஸ்டர் ஏன் போனது? அதற்குப் பதில் போர்டில் இல்லை, காரில் இருந்தது. பின்கதவு கீல் அருகே ஸ்பீக்கர் வயர் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு இழைகள் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து மூடும்போது மட்டும் படும். அதைப் பார்க்காமல் ஆம்பை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தால் மறுபடி என் மேசைக்கே வந்திருக்கும்.

⁂

என் கேஸில் ஆம்பைத் திறக்கவே தேவைப்படவில்லை. மெதுவாகக் கேட்டால் பாடும். பேஸ் அடிக்கும் இடத்தில் ஆம்பின் பாதுகாப்புச் சிவப்பு விளக்கு எரியும், அமைதி. ஆம்ப் போச்சு, புதுசு வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஸ்பீக்கரையெல்லாம் கழற்றிப் பார்த்தேன், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில் காட்டியது, அது சரியான அளவுதான். பிறகு மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் முனையிலும் மற்றதை பேட்டரி மைனஸிலும் வைத்து, சத்தமாகப் பாடவிட்டேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது. டிக்கியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால், ரிங் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது. உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினேன். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை.

இன்னொன்று. வயர் தடிமனாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மலிவான செட்டுகளில் பல, செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். அதே தடிமனில் அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

⁂

ஷார்ட் எதுவும் இல்லை, வயரிங்கும் சரி, ஆனாலும் போட்டவுடன் சிவப்பு விளக்கு என்றால் பவர் சப்ளை மாஸ்ஃபெட்டுகளுக்குப் பல்ஸ் கொடுக்கும் டிஎல்494 ஐசியைப் பாருங்கள். 14ஆம் காலில் 5 வோல்ட் இருந்தால் ஐசிக்கு உயிர் இருக்கிறது. அடுத்து 4ஆம் கால். அங்கே மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஐசி பல்ஸ் கொடுப்பதை நிறுத்திவிடும், பாதுகாப்புச் சுற்று பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்ததில் பிடித்து வைத்திருந்தது ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாளம்) ஒட்டிய தெர்மிஸ்டர், அதாவது சூட்டை உணரும் ரெசிஸ்டர். சூடு ஏறினால் தடை ஏறும் ரகம் அது. கார் குலுங்கிக் குலுங்கி ஒரு காலின் சால்டரில் முடி போல வட்ட விரிசல். இணைப்பு விட்டால் தடை எல்லையில்லாமல் போகும், ஜில்லென்று இருக்கும் ஆம்ப் தான் கொதிப்பதாக நினைத்துக்கொள்ளும். பூதக்கண்ணாடி இல்லாமல் அந்த விரிசல் தெரியவே தெரியாது. சால்டரைத் தொட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

⁂

எனக்கு ஆம்பே பழுதில்லை. இன்ஜின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் ஙொய்ங் என்ற சத்தமும் ஏறியது. ஆம்பை மாற்றியும் போகவில்லை. கடைசியில் ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை ஸ்டீரியோவின் ஆர்சிஏ பிளக்கின் (ஆம்புக்கு ஒலி சிக்னல் கொண்டுபோகும் கேபிளின் பிளக்) வெளி வளையத்திலும் மறுமுனையை ஸ்டீரியோவின் உலோகக் கூட்டிலும் தொட்டேன். சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏ எர்த் ட்ராக் எரிந்திருந்தது. பவர் ஓடும்போதே ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி மாட்டும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.